முதலிடம் பெற்ற தொட்டி

உடையார்பாளையத்தைத் தாண்டிய அந்த ஊரின் பஸ் நிறுத்தத்தில் வெள்ளிக்கிழமை காலை ஒரு பிளக்ஸ் முளைத்திருந்தது. பன்னிரண்டு அடி அகலம். பாதி இடத்தை முன்னாள் ஊராட்சித் தலைவர் கண்ணையன் கைகூப்பி அடைத்துக்கொண்டிருந்தார். மீதியில், 'கழிவுத்தொட்டி ஆய்வில் முப்பத்தொன்பது வீடுகளை வீழ்த்தி முதலிடம் பிடித்த எங்கள் அண்ணன்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு சிங்கமும் இருந்தது. தொட்டிக்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கிய சத்யப்பிரியா அதை இரண்டு முறை படித்தாள். அந்த முதலிடத்தைக் கொடுத்தவளே அவள்தான்.

சென்னையிலிருந்து வந்த ஆய்வுக் குழு ஒன்று அவளுக்கு ஆறு மாத வேலை கொடுத்திருந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில், வீட்டுக் கழிவுத்தொட்டிகளின் ஏர் பைப்பில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, எவ்வளவு வாயு வெளியே போகிறது என்று அளக்க வேண்டும். ஒரு வீட்டின் அளவை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் வேலை போய்விடும் என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். நாற்பது வீடுகளில் கடைசியாகக் கண்ணையன் வீட்டில் அளந்த அன்று அவர் விடவில்லை. "நம்ம தொட்டி எப்படி, எப்படி?" என்று வாசல்வரை பின்னாலேயே வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "நீங்கதாங்க ஃபர்ஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

எதில் ஃபர்ஸ்ட் என்று அவர் கேட்கவில்லை. வாழ்நாளில் கேட்டதில்லை.

திங்கட்கிழமை ஆய்வுத் தலைவர் டாக்டர் சுதர்சன் வருகிறார். அவர் கார் இந்த நிறுத்தத்தைக் கடந்துதான் ஊருக்குள் நுழையும்.

மறுநாள் காலை சத்யப்பிரியா கண்ணையன் வீட்டுக்குப் போனாள். கழிவு உறிஞ்சும் லாரி ஓட்டும் அவள் அப்பா வீரமணி இந்த வீட்டுக்குக் கொல்லை வழியாகத்தான் வந்து பழக்கம். அவளுக்கு முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கையிலிருந்த மடிக்கணினிக்கான மரியாதை.

"பிளக்ஸ் பாத்தியாம்மா?"

"பாத்தேங்கய்யா. அதைக் கழட்டிடுங்களேன்."

"ஏன், எழுத்துல தப்பா?"

"முதலிடமே தப்புங்க. நாப்பது தொட்டியில அதிகமா மீத்தேன் விடுறது உங்க தொட்டி. பரீட்சையில ஃபர்ஸ்ட்டு இல்லீங்க. காய்ச்சல்ல ஃபர்ஸ்ட்டு."

கண்ணையன் துண்டை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடி விரித்தார்.

"மண்ணத் தோண்டி எடுக்கப் போறான்னு நாம ரோட்டுல உக்காந்தமே, அந்த மீத்தேனா?"

"அதேதாங்க."

"நான் முன்வரிசையில உக்காந்தேன்."

"தெரியுங்கய்யா. அதுக்கும் பிளக்ஸ் வச்சீங்க."

அவருக்குப் பெருமை தரும் விஷயங்கள் பல. அவற்றில் அந்தத் தொட்டிக்குத் தனி இடம் உண்டு. வீடு கட்டியபோது தன் அண்ணன் வீட்டுத் தொட்டியைவிட மூன்று பங்கு பெரிதாகக் கட்டினார். இருபத்திரண்டு வருஷமாக அள்ளியதே இல்லை. கல்யாண வீடுகளில் அதைச் சொல்லாமல் அவர் பந்தியை விட்டு எழுந்ததில்லை.

"அள்ளாததுதாங்க வெனையே. அடிச் சேறு காத்துப் படாம அழுக அழுக இந்த வாயுதான் வரும். ஏர் பைப் வழியா மேல போயி வானத்தைச் சூடாக்குது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா எடுத்துட்டா கொறையும்."

"சரி, கடைசி யாரு?"

"சொல்லக்கூடாதுங்க."

"எனக்கு மட்டும் சொன்னே?"

"அதனாலதாங்க என் வேலை இப்ப உங்க பிளக்ஸ்ல தொங்குது. திங்கக்கிழமை எங்க சார் வராரு."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "கழட்டுனா ஏன் கழட்டுனேம்பானுவோ" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆனால் ஞாயிறு காலை பஸ் நிறுத்தத்தில் வெறும் சவுக்குக் கம்புகள்தான் நின்றன. கண்ணையன் வீட்டு வாசலில் வீரமணியின் லாரி நின்றது. கண்ணையனே போன் பண்ணிக் கூப்பிட்டாராம், அதுவும் 'வாங்க' போட்டு.

இருபத்திரண்டு வருஷம் அசையாத மூடி, நெம்பியதும் இரண்டாக உடைந்தது. வீரமணி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னான். பீடியோடு வேடிக்கை பார்க்க வந்த அங்கமுத்துவைத் தெருமுனைவரை விரட்டினான்.

"இந்தக் காத்த எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்" என்று மகளிடம் சொன்னான். "ஆளைச் சாய்க்கும்னு ஒதுங்கி நிப்போம். நம்மளத் தாண்டி அது எங்க போவுதுன்னு எவன் நெனச்சான்?"

அவள் பெட்டி அளப்பது வானத்துக்குப் போவதை. ஒதுங்கி நின்ற முப்பது வருஷத்தை எழுத அவள் படிவத்தில் கட்டமே கிடையாது.

சேற்றை உறிஞ்சி எடுத்தாயிற்று. புது மூடி வார்த்துக் காய இரண்டு நாளாகும். அதுவரை கோழி விழாமல் இருக்க, தொட்டி வாயை எதையாவது போட்டு மூட வேண்டும். கண்ணையன் உள்ளேயிருந்து பிளக்ஸை எடுத்துவந்து கொடுத்தார். நாலு மூலையிலும் செங்கல் வைத்தார்கள். அவர் முகம் சரியாகத் தொட்டி வாய்க்கு மேல் அமைந்தது. அடியில் காற்று புகும்போதெல்லாம் கன்னம் இரண்டும் உப்பின. பிறகு மெல்ல அமுங்கின.

திங்கட்கிழமை தொட்டிகளைப் பார்வையிட வந்த சுதர்சன் அந்த பிளக்ஸின் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"இந்த வீட்டு அளவு எப்படி வெளியே தெரிஞ்சது? யார் சொன்னாங்க?"

சத்யப்பிரியா வாயைத் திறந்தாள். கண்ணையன் குறுக்கே வந்தார்.

"யார் சொல்லணும்? என் தொட்டியப் பத்தி எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல நாப்பது வூட்டுல ஒண்ணு ஃபர்ஸ்ட்டுன்னா அது யாருன்னு பச்சப்புள்ளையக் கேளுங்க, சொல்லும்."

சுதர்சன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிளக்ஸில் இருந்த சிங்கத்தைப் பார்த்தார். இந்த ஆளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டுக் காருக்கு நடந்தார்.

புது மூடி காய்ந்து, அவள் மறுபடி அளக்க வந்தது பத்து நாள் கழித்து. எண் நன்றாக இறங்கியிருந்தது. அவள் பெட்டியைக் கழற்றும்போது கண்ணையன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப எத்தனையாவது?" என்றார், தணிந்த குரலில்.

"சொல்லக்கூடாதுங்கய்யா."

"அதுவும் சரிதான்" என்றார். அவள் தெருமுனை திரும்பும்வரை பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்கவில்லை.