பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுஷன்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். சின்ன வயதில் அம்மா வைத்தது, நாற்பதைத் தாண்டியும் போகவில்லை. அந்த வாயை வைத்தே பிழைக்கிறாள் என்பது ஒரு வேடிக்கை. பிழைக்கிற இடத்தில் சொந்தமாக ஒரு சொல் பேச முடியாது என்பது அதைவிட வேடிக்கை. பெரிய மண்டபங்களின் பின்சுவரை ஒட்டிக் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் உட்கார்ந்து, மேடையில் பேசுவதைக் காதில் வாங்கி, கையோடு இன்னொரு மொழியில் மைக்கில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஆரம்பித்தால் தொழில் தெரியாதவள் என்று அர்த்தம். இப்படி அவள் மந்திரியாகப் பேசியிருக்கிறாள், மாட்டு வைத்தியராகப் பேசியிருக்கிறாள், ஒருமுறை சோப்பு ஆலை முதலாளியாக அழக்கூட அழுதிருக்கிறாள்.

அந்த வாரம் இராணுவக் கல்லூரியில் கருத்தரங்கு. சரித்திரத்தில் சரிக்குச் சமமான தளபதிகள் மோதிக்கொண்ட போர்களைப் பற்றி மூன்று நாள் பேச்சு. முதல் இரண்டு நாளும் செத்துப்போன தளபதிகள். குதிரை, யானை, பீரங்கி, யார் எந்தப் பக்கம் வளைத்தார்கள், மற்றவர் அதை எப்படி மோப்பம் பிடித்தார் என்று திரையில் அம்புக்குறிகளாகப் போட்டுத் தள்ளினார்கள். அதில் வாயாடிக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்றாம் நாள்தான் சங்கடம். ஆற்றுத்துறைச் சண்டையில் எதிரெதிராக நின்ற இரண்டு ஜெனரல்களும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைக்கிறார்கள்.

நம் பக்கத்துக்காரருக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் சிங்கம். அந்தப் பக்கத்துக்காரர் நரி. ஆற்றின் இரு கரையிலும் இவர் நினைப்பதை அவரும், அவர் நினைப்பதை இவரும் முன்கூட்டியே கண்டுபிடித்து, கடைசியில் இரண்டு படையும் எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே திரும்பிப் போய்ச் சேர்ந்தன. அதைத்தான் இப்போது உலகத்துக் கல்லூரிகளில் எல்லாம் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

வாயாடியின் அப்பா அந்தச் சண்டைக்குப் போனவர். மூன்றாம் கம்பெனி என்ற படைப்பிரிவில் சிப்பாய். அந்தப் பிரிவில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. வராதவர்களைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் இல்லையா? ‘மூன்றாம் கம்பெனி முதுகைக் காட்டி ஓடியது. அந்தக் கோழைகளால்தான் கைக்கு எட்டிய வெற்றி வாய்க்கு எட்டவில்லை’ என்று சிங்கம் தன் புத்தகத்தில் எழுதினார். ஊர் நடுவில் நினைவுக்கல் எழுப்பியபோது அந்தப் பிரிவின் பெயர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். வாயாடி பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். ‘பரம்பரை ஓட்டமாச்சே’ என்று யாரோ கத்தினார்கள், மைதானமே சிரித்தது. கப்பை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள், அதற்கப்புறம் ஓடவே இல்லை.

அம்மா மட்டும் ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தாள். “உங்கப்பா ஓடுற ஆளாடி? கண்ணு முன்னாடி பஸ் கிளம்பினாக்கூட ஓடமாட்டாரு. அடுத்தது வரும்னு சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு நிப்பாரு. அந்த மனுஷனா ஓடியிருப்பாரு?” சொல்லிச் சொல்லி அம்மாவின் வாய்தான் வலித்தது. கேட்க நாதியில்லை. அந்தக் கல்லில் அந்தப் பெயர் ஏறாமல் கண்ணை மூட மாட்டேன் என்று வீம்பாக உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வேலையை ஒப்புக்கொண்டபோது தன் அப்பா யார் என்று வாயாடி யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தச் சிங்கத்தின் முகத்தை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

பார்த்தாள். நல்ல கோட்டு, பளபளக்கிற பூட்ஸு, பேத்தி கட்டிவிட்ட கழுத்துப்பட்டை. தாத்தா மாதிரி சிரித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, சிங்கம் பேசியதையெல்லாம் நரியின் மொழியில் ‘நான் நினைத்தேன், நான் வகுத்தேன், நான் வளைத்தேன்’ என்று சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாம் கம்பெனிப் பேச்சு வந்ததும் அவர் தலையை ஆட்டி, “அதை விடுங்க. ஓடினவங்களைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது?” என்றார். அதையும் சொன்னாள். சொல்லித்தானே ஆக வேண்டும்!

நரி காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு, புரியாதவரைப் போலப் பார்த்தார். பிறகு அவர் மொழியில் பேச ஆரம்பித்தார். வாயாடி பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நம் மொழியில் சொன்னாள்.

“ஜெனரல், இத்தனை வருஷம் கழிச்சும் அடக்கமா? அவங்க ஓடலை. உண்மையிலேயே ஓடுறவன் முதல்ல கையில இருக்கிற கனத்தைத்தான் வீசுவான். உங்க ஆளுங்க குண்டுப்பெட்டியை ரெண்டு பேரா தூக்கிக்கிட்டு, வரிசை கலையாம ஓடினாங்க. நான் தூரக்கண்ணாடியில பார்த்தேன். ஓடுற மாதிரி காட்டி எங்களை வெட்டவெளிக்கு இழுக்கிற தந்திரம்னு அப்பவே புரிஞ்சு போச்சு. அதனால துரத்தலை. இருந்த இடத்திலேயே இருந்து அவங்களை மட்டும் சுட்டுத் தள்ளச் சொன்னேன்.”

‘நான் பார்த்தேன்’, ‘நான் சுடச் சொன்னேன்’ என்றெல்லாம் அவள் வாயாலேயே சொன்னாள். யாரை? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிற மனுஷனை. மேஜையில் இருந்த குறிப்புத் தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து நாற்காலியில் முறை மாற்றிப் பேசக் காத்திருந்த கூட்டாளி, எதற்கென்று தெரியாமலே தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

நரி விடவில்லை. “நான் என் மாணவர்களுக்கு எப்பவும் சொல்வேன், அந்தப் பொறியை வெச்சவர் எனக்குச் சமமானவர்னு. அவங்க நிஜமாவே பயந்து ஓடினாங்கன்னு நீங்க சொன்னா, மன்னிக்கணும், நாம ரெண்டு பேரும் சமமே இல்லை. ஆளுங்க நிலைச்சு நிக்காத ஒரு தளபதியோட நான் மோதியிருக்கேன், அவ்வளவுதான்.”

இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயாடியின் காதுக்குள் இன்னொரு குரல் கரகரத்தது. மேடையோரத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளர். “மேடம், அந்தக் கடைசி ரெண்டு வரி வேணாம். ரொம்ப நாகரிகமா தாண்டிப் போயிடுங்க. பெரியவர் மனசு கஷ்டப்படும்.”

பெரியவர் மனசாம்! அடப்பாவிகளா, மனசு என்பது மேடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும்தான் இருக்கிறதா? வாயாடி ஒரு எழுத்தைக்கூடத் தாண்டவில்லை. ‘நாம ரெண்டு பேரும் சமமே இல்லை’ என்பதை நரி நிறுத்திய இடத்திலேயே நிறுத்தி, அவர் அழுத்திய இடத்திலேயே அழுத்திச் சொன்னாள்.

சிங்கத்தின் முகம் கறுத்தது. மண்டபம் அவரையே பார்த்தது. ஓடினார்கள் என்றே சாதித்தால் புத்தகம் பிழைக்கும், ஆனால் ‘சரிக்குச் சமம்’ என்ற பட்டம் போய்விடும். அந்தப் பட்டத்துக்காகத்தானே கோட்டும் பூட்ஸுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் மெல்லச் சிரித்தார்.

“அப்போ இருந்த நிலைமையில வெளியே சொல்ல முடியலை. ஜனங்க தப்பா எடுத்துக்குவாங்க. அவங்களா ஓடலை. நான்தான் ஓடச் சொன்னேன். இடது பக்கம் காட்டுக்குள்ள என் பெரிய படை காத்திருந்துச்சு. இவர் துரத்தியிருந்தா இவர் கதை முடிஞ்சிருக்கும்.” ஒரு விரலை நரியின் பக்கம் ஆட்டினார். “வரலையே மனுஷன்! அவங்களைக் காப்பாத்தப் போயிருந்தா என் படை இருக்கிற இடம் தெரிஞ்சு போயிருக்கும். அதனால பேசாம இருந்துட்டேன்.”

வாயாடி அதை நரியின் மொழியில் சொன்னாள். ‘நான்தான் ஓடச் சொன்னேன்.’ குரல் உடையவில்லை. எப்படி உடையாமல் இருந்தது என்று அவளுக்கே தெரியாது.

மண்டபம் கைதட்டியது. கேட்டீர்களா, கைதட்டியது! எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு பிரிவையே பலி கொடுத்துவிட்டு, அதற்கு மேல் ‘கோழை’ என்று பட்டமும் கட்டிவிட்டு, இத்தனை வருஷம் கழித்து ‘அது என் தந்திரம்’ என்று ஒரு மனிதன் பெருமையடிக்கிறான், அதற்குக் கைதட்டு. ஒருவருக்குக்கூட ‘அப்படியானால் அந்தப் புத்தகம்?’ என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு ஜெனரல்களும் கை குலுக்கினார்கள், கட்டிக்கொண்டார்கள், சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள்.

வாயாடி மாடிப்படியின் வளைவில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் குண்டுப்பெட்டி, சரிக்குச் சமம், கைதட்டு என்று முன்னும் பின்னுமாகக் குழப்பினாள்.

“ஏண்டி மென்னு முழுங்கறே?” என்றாள் அம்மா. “அவன் என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு. அதுதானே உன் வேலை.”

வாயாடி கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஆளின் இழுவையோடு அப்படியே சொன்னாள். “அவங்களா ஓடலை. நான்தான் ஓடச் சொன்னேன்.”

அம்மா பேச ஆரம்பித்தாள். பேசியது மகளிடம் அல்ல. “அடப் படுபாவி, இத்தனை வருஷம் எங்கடா இருந்தே?” என்று எடுத்தாளே பார்க்கணும்! பெற்ற மகளை ‘டா’ போட்டு, போனில் எச்சில் தெறிக்க, நெஞ்சில் கட்டி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். வாயாடி சுவரோடு ஒட்டி நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். ஒருமுறைகூட ‘அம்மா, நான்தான்’ என்று குறுக்கே பேசவில்லை. ஒரு பெண் படியேறி வந்தவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனாள்.

கடைசியில் அம்மா மூச்சு வாங்கினாள். “இதை அவன்கிட்ட சொல்லிடு.”

“அம்மா, என்னால எப்படிம்மா? நான் என் பேச்சு எதுவும் பேசக் கூடாது. வேலை போயிடும். இனிமே எவனும் கூப்பிட மாட்டான்.”

“உன் பேச்சை யாருடி பேசச் சொன்னது? ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்றதுதானே உன் வேலை? அவன் சொன்னதை எனக்குச் சொல்லிட்டே. நான் சொன்னதை அவனுக்குச் சொல்லு. கூட்டாதே, குறைக்காதே.”

வாயாடி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினாள்.

மதிய அமர்வை நரி தொடங்குவதாக இருந்தது. அதனால் மண்டபம் முழுக்கக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தது. சிங்கமும் மாட்டிக்கொண்டார். கூட்டாளி இன்னும் சாப்பிட்டு வரவில்லை. வாயாடி கூண்டுக் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.

“மேடம், மைக் சோதனை,” என்றார் ஒருங்கிணைப்பாளர். “எல்லார் காதுக்கும் கேக்குதான்னு பார்க்கணும். ஏதாவது பேசுங்க.”

வாயாடி பொத்தானை அழுத்தினாள்.

“மூணாம் கம்பெனிச் சிப்பாயோட சம்சாரம் பேசுறேன்,” என்றாள். அம்மாவின் குரல் எங்கே உயர்ந்ததோ அங்கே உயர்த்தினாள். “ஜெனரல், உன்கிட்டதான் பேசுறேன். அங்கே இங்கே பார்க்காதே. என் புருஷன் பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுஷன். நீ சொன்னதுக்காக ஓடினாரு. பெட்டியையும் கீழே போடாம ஓடினாரு. அவரை ஓடிப்போனவர்னு நீ எழுதினே. நான் தண்ணி பிடிக்கப் போனா வரிசையில பின்னாடி தள்ளினாங்க, என் பொண்ணு ஜெயிச்ச கப்பைக்கூட வாங்காம வந்தா. உனக்கு அவன் சமமா, நீ அவனுக்குச் சமமான்னு எனக்கு எதுக்குடா? நீங்க ரெண்டு பேரும் சமம்னு காட்ட என் வீட்டு ஆள்தான் கிடைச்சாரா?”

சிங்கம் காதிலிருந்து கருவியை எடுக்கப் போனார். மண்டபமே திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை பாதியில் நின்றது. ஒருங்கிணைப்பாளர் நாற்காலிகளுக்கு நடுவே ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். வாயாடி அவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அந்தக் கல்லுல அவங்க அத்தனை பேர் பேரையும் வெட்ட வை. நீயே பக்கத்துல நின்னு வெட்ட வை. இல்லேன்னா காலையில கைதட்டு வாங்கின அந்தக் கையைச் சோத்துல வைக்காதே.”

நரி மட்டும் ஒன்றும் புரியாமல், மண்டபத்தையும் சிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதில் பங்கு இருந்தது. சுடச் சொன்னவர் அவர். வாயாடி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மொழியை மாற்றுகிற பொத்தானை அழுத்திவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.