நாற்பத்திரண்டு விநாடி

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. வெயில் முப்பத்தாறு டிகிரி. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. எல்லாம் மேகச் சேமிப்பு அலுவலகத்துக்குள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. செண்பகவல்லி அவற்றுக்கு அடியில் குனிந்து நடந்து ஏழாம் எண் கவுண்ட்டரை அடைந்தாள்.

அவள் கேட்டது, மேகத்தில் சேமித்து வைத்திருந்த ஒரே ஒரு காணொளி. கணவர் சங்கரலிங்கம் இறப்பதற்கு முந்தைய நாள், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவளிடம் பேசியது. நாற்பத்திரண்டு விநாடி. வேறு பிரதி கிடையாது. கைப்பேசியில் திறக்க முயன்றபோது, உரிமையாளர் நேரில் வரவும் என்று வந்தது.

எழுத்தர் தேவசகாயம் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இப்பதாம்மா பாத்து முடிச்சேன். முப்பத்தோராவது செகண்ட்ல இருமுவாரு பாருங்க. அங்க எனக்குத் தாங்காது.”

“நீங்க எதுக்குப் பாத்தீங்க?”

“பாத்தாத்தான இருக்கா, களவு போயிட்டான்னு தெரியும்? பாதுகாப்புன்னா சும்மாவா? தினம் மூணு வேள பாக்கோம்.”

வரிசையில் பின்னால் நின்றவர் தலையசைத்தார். “நல்ல மனுசன் உங்க வீட்டுக்காரரு. அந்தப் பச்சச் சட்டைதான் எடுப்பா இல்ல.”

தேவசகாயம் பதிவேட்டைத் திறந்தார்.

“நீங்க எத்தன தடவ பாத்திருக்கீங்க?”

“ஒரு தடவ.”

“நாலு வருசத்துலயா?”

“மனசு கேக்கல சார். வேற யாருக்கும் காட்டவுமில்ல.”

“நான் நாலாயிரத்து இருநூத்திப் பதினாறு. லீவு நாள்லயும் வந்திருக்கேன்.”

அதிகம் பார்த்தவரே உரிமையாளர் என்று எதிர்ச் சுவரில் எழுதியிருந்தது. அவள் உள்ளே வந்தபோது அங்கே சுவர் இல்லை.

“அவரு என்னையத்தான் சார் கூப்பிடுதாரு. செம்பான்னு. வேற யாரும் என்னைய அப்படிக் கூப்பிட்டதில்ல.”

“ஆமா. ‘செம்பா, பயப்படாத’ம்பாரு. இப்பல்லாம் நான் பயப்படுறதே இல்ல.”

அவளுடைய மனு உள்ளே போனது. அது நெருங்க நெருங்க அதிகாரியின் அறை பின்னால் நகர்ந்தது. மாலை நான்கு மணிக்குத்தான் மனு அதை எட்டிப் பிடித்தது. அதுவரை அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மேசையிலிருந்தும் சங்கரலிங்கம் இருமினார்.

கடைசியில் உள்ளிருந்து அதிகாரியின் குரல் கேட்டது.

“செம்பா, அந்த அம்மாட்ட உத்தரவக் குடுத்துரு.”

செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

“உங்கள இல்லம்மா. உக்காருங்க.”

தேவசகாயம் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்தார். “பயப்படாதீங்க” என்று சொல்லி, கையெழுத்தின் மை காயாத தாளை அவளிடம் கொடுத்தார். காணொளி செம்பாவுக்கே உரியது என்று அதில் எழுதியிருந்தது.