இன்னொரு காது

குப்பையைக் கலப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களை என் கூண்டுக்குள் ஒரு ராத்திரி உட்கார வைக்க வேண்டும். காஞ்சிபுரத்துக் குப்பையெல்லாம் வந்து விழுகிற பெரிய குழிக்கு மேலே, நாற்றம் நுழையாதபடி கண்ணாடி போட்டு அடைத்த அறை. ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு பிடிகள். பிடியை அசைத்தால் கீழே கிரேனின் இரும்பு நகங்கள் விரிந்து குப்பையை அள்ளும். ஈரத்தையும் காய்ந்ததையும் சரியாகக் கலந்து ஹாப்பர் என்கிற பெரிய புனலில் கொட்ட வேண்டும். அங்கிருந்து அது உலைக்குள் இறங்கும், உலை எரிந்தால் கரண்ட் வரும்.

கரண்ட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் சூடு. எண்ணூற்றைம்பது டிகிரிக்குக் கீழே போனால் புகைபோக்கியில் கருப்பாக வரும். வந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் முசரவாக்கத்தில் இறங்கும். அது என் ஊர்.

இந்த ஆலை வந்தபோது ஊரே எதிர்த்தது. என் அக்கா பொன்னி முதல் வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட்டவள். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். எங்கள் நிலமும் போயிருந்ததால் நான் சேர்ந்துவிட்டேன். நான் உள்ளே இருந்தால் கருப்புப் புகை வராது என்று அக்காவிடம் சொன்னேன். "அப்போ உள்ளயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனவள் நான்கு வருஷம் என் முகத்தில் விழிக்கவில்லை.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன். என் ஷிஃப்டில் ஒரு நாள் கூடக் கருப்பு வந்ததில்லை. புகையைப் பார்த்தே இன்றைக்குக் கலைவாணன் டூட்டி என்று ஊரில் சொல்வார்களாம். இதை அக்காவும் கேட்டிருப்பாள் போல. இந்த வைகாசியில் அவளே வீட்டுக்கு வந்தாள். மகள் கீர்த்திக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடி வேண்டும் என்று நின்றுகொண்டே சொன்னாள். கம்மல் வாங்க அன்றைக்கே கிளம்பினேன்.

அவள் குறித்த நாள் கருட சேவைக்கு மறுநாள். திருவிழா ராத்திரி வேலையை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். ஊரே கூடிச் சாப்பிட்ட எச்சில் இலை, மோர் பாக்கெட், நனைந்த மாலை என்று லாரி லாரியாக ஈரம் வந்து விழும். அந்த டூட்டி எனக்குத்தான் விழுந்தது. பரவாயில்லை, காலை ஆறு மணிக்கு வாலாஜாபாத்திலிருந்து அடுத்த ஷிஃப்ட் பாண்டியன் வந்து மாற்றிவிடுவான், முகூர்த்தம் ஒன்பதரைக்கு மேல்தான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஆறு மணிக்குப் பாண்டியன் வரவில்லை, போன்தான் வந்தது. அவன் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டதால் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவனைத் திட்டவும் முடியவில்லை. கூண்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது சட்டம்; நான் ஒருவன்தான் என்பது வழக்கம். ஷிஃப்ட் இன்ஜினியர் சிவபாலனிடம் சொன்னேன். நல்ல மனிதர். ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பார்த்தார். திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவன் ஒருவன், போனை எடுக்காதவன் ஒருவன். ஆள் வராமல் எழுந்திருக்காதே, இன்றைக்கு இருக்கிற ஈரத்துக்கு நீ எழுந்தால் உலை செத்துவிடும் என்றார். எனக்குத் தெரியாததையா சொல்கிறார்?

எட்டரைக்கு என் மனைவி துளசி வரிசைத் தட்டோடு கோயிலுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். கூண்டின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால் மதிலைத் தாண்டி அம்மன் கோயில் பந்தல் தெரியும். நடந்தால் பத்து நிமிஷம், பைக்கில் மூன்று. நான் ஈர இலையை அள்ளிக்கொண்டிருந்தேன். ஒன்பதரை ஆனது. பத்துக்குத் துளசி மறுபடி அழைத்தாள்.

"ஆசாரி வந்து ஒக்காந்துக்கினு இருக்கறாரு. பத்தரையோட நேரம் முடியுதாம். ஒங்க அக்கா ரோட்டயே பாத்துக்கினு நிக்குது" என்றாள்.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. குழியின் மூலையில் நூல் கழிவை ஒதுக்கி வைத்திருந்தேன். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலிருந்து வருவது. அறுந்த நூல், பாலியஸ்டர் இழை, பிளாஸ்டிக் ஜரிகை. நன்றாகக் காய்ந்தது, பிடித்தால் கொழுந்துவிட்டு எரியும். பத்துப் பிடி குப்பைக்கு அரைப் பிடி என்று உதறிப் போட வேண்டும் என்பது நானே பாண்டியனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அன்றைக்கு அதை எட்டு முறை அள்ளி ஹாப்பர் நிறையத் திணித்தேன். முக்கால் மணி நேரம் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிவபாலனிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

வேலைச் சட்டையோடே போய்ப் பந்தலில் உட்கார்ந்தேன். என்மேல் அடித்த வாடைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்தார்கள். அக்கா நகரவில்லை. குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்து, "மாமா வந்துட்டாருடி" என்றாள். நான்கு வருஷத்துக் கோபம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. கீர்த்தியின் தலையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். ஆசாரி முதல் காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டு என் சட்டையைக் கடித்தது. எனக்கும் கண் கலங்கியது, துடைக்கக் கை இல்லை.

வாடை முதலில் வந்தது. இரும்பைத் தீய்த்த மாதிரி, நாக்கில் ஒட்டுகிற வாடை. நிமிர்ந்து பார்க்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. நூல் ஒன்றோடொன்று சிக்கி, ஹாப்பரின் கழுத்தில் முடிச்சாகத் தொங்குகிறது. கீழே உலைக்குத் தீனி இல்லை. நகம் விட்டு இழுக்க மேலே ஆளும் இல்லை.

புகைபோக்கி கருப்பாகக் கக்கியது. காற்று அசைவில்லாத நேரம், புகை மேலே போகாமல் பந்தலை நோக்கி இறங்கியது. பந்தியில் இருந்தவர்கள் இலையைக் கையால் மூடினார்கள். எல்லாரும் புகையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெரியவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "கலை இங்க கீறான். அப்போ உள்ள யாருப்பா?"

"யாருமில்ல" என்றேன்.

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். இன்னொரு காதும் குத்தி முடியாமல் மாமன் மடியை விட்டு எழக்கூடாது. குழந்தை அழுகையை நிறுத்தி இருமத் தொடங்கியது. எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அதைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அக்காதான் வந்து என் மடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள்.

"எழுந்து போ கலை. போயி உள்ள ஒக்காரு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சினாள்.

போனேன். முடிச்சை இழுத்து எடுக்க நாற்பது நிமிஷம் ஆனது. சிவபாலன் பின்னால் நின்று உலையின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு எடுப்பார்கள் என்று நினைத்தேன், ஒரு பக்கம் ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். எடுக்கவில்லை. இவனைப் போலக் கலக்க வேறு ஆள் கிடையாது என்று சிவபாலனே மேலிடத்துக்கு எழுதிப் போட்டாராம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று அக்காவின் வீட்டுக்காரர் பக்கம் சொன்னார்களாம். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு காது தம்பிக்கு என்று சொல்லிவிட்டாளாம். மூன்று மாதமாகக் கீர்த்தி ஒற்றைக் கம்மலோடு ஊரில் விளையாடிக்கொண்டிருக்கிறது.

இப்போதெல்லாம் ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எனக்குத்தான் முதலில் சொல்கிறார்கள். மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் கொடுத்து, தேதியைக் காட்டி, அன்றைக்கு டூட்டி கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மூன்று கல்யாணம், ஒரு வளைகாப்பு. எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாப்பாட்டை ஆலை வாசலுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

நேற்று மதியம் அக்கா போன் செய்தாள். குரலில் அத்தனை சந்தோஷம். ஆவணியில் நல்ல நாள் கிடைத்துவிட்டது, ஆசாரியிடமும் சொல்லியாகிவிட்டது, இந்தத் தடவை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வா என்றாள். சரி என்றேன். கீழே நகம் ஒரு பிடி ஈரத்தை அள்ளிக்கொண்டு தொங்கியது.

அப்புறம் அக்கா கேட்டாள். "அன்னிக்கி உள்ள யாருப்பா இருப்பாங்க?"