நீந்தத் தெரியாதவருக்கு வந்த அழைப்பு

அப்பாவை நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

சிப்பிப் பண்ணை வேலை. படகில் போக வேண்டும், இடுப்பளவு தண்ணீரில் நின்று சிப்பி வளரும் கூடைகளைப் புரட்ட வேண்டும், கட்டாயம் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. நான் அடிலெய்டில் கடல் உயிரியல் படித்தவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா டூனா மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில், மூடி போடும் இயந்திரத்தின் முன் நின்றே தலை நரைத்தவர். ஆலையைப் போன வருடம் மூடிவிட்டார்கள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும், அவர் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

"உனக்குத்தான் நீந்தவே தெரியாதே. எதுக்குப்பா அதுக்குப் போய் விண்ணப்பம் போட்ட?"

"புள்ளிக்குத்தாண்டி. நீ மட்டும் என்ன, போன மாசம் சவப்பெட்டி செய்யற இடத்துக்குப் போடலையா?"

போட்டேன். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை சும்மா வராது. மாதாமாதம் புள்ளி சேர்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இத்தனை, பயிற்சி வகுப்புக்கு இத்தனை. எங்கள் ஊரில் இருப்பதோ ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு மருத்துவமனை, இரண்டு மதுக்கடை. அதனால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் போடுவோம். முதுகு போனவர் மூட்டை தூக்கப் போடுவார். மாமிசத்தைக் கண்டாலே முகம் திருப்பும் பெண் கசாப்புக் கடைக்குப் போடுவாள். யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் பிழைப்பு ஓடுகிறது.

அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது. எங்களை மேய்க்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஜொலீன் சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள், "வாழ்த்துக்கள், டெரில்! நேர்காணலுக்குப் போகலைன்னா பணம் நின்னுடும், ஞாபகம் வெச்சுக்குங்க."

"போய், வேலை கிடைச்சுட்டா?"

"சேரணும். வேண்டாம்னு சொன்னா அப்பவும் நின்னுடும்."

"சேர்ந்தா மூழ்கிடுவேனேம்மா."

"நல்லதையே யோசிங்க."

"மூழ்கினா எத்தனை புள்ளி?" என்று நான் கேட்டேன். ஜொலீன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டாள். அப்பா என் காலை மிதித்தார். அவர் தொகையும் என் தொகையும் சேர்ந்தால்தான் எங்கள் வாடகை. ஒன்று நின்றாலும் வீடு போய்விடும்.

பண்ணைக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். வழி முழுக்க எனக்கு ஒரே குடைச்சல். நாலு வருடம் சிப்பியைப் படித்தவளை விட்டுவிட்டு, படகைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் மனிதரை எதற்குக் கூப்பிட்டார்கள்? ஆண் என்பதாலா? அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் தீட்டி வைத்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம்.

"நீ அப்படி என்னதான் எழுதின?"

"ஞாபகம் இல்ல."

அப்பாவுக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும். சிவந்தது.

கொட்டகை வாசலில், மார்பு வரை ஏறிய ரப்பர் உடுப்போடு ஒரு பெண் கூடைகள் மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். க்வெண்டா டில்புரூக். பண்ணை அவளுடையது. ஆண் என்பதாலா என்று தீட்டி வைத்த கேள்வி பாதி அங்கேயே மழுங்கிப் போனது. அப்பாவைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நீதானா அந்த ஆளு? 'எனக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறினால் வாந்தி வரும். புள்ளிக்காகத்தான் அனுப்புகிறேன். இதைப் படிக்க வைத்ததற்கு மன்னிக்கவும்.' வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்யா!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"இவரை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றேன்.

"எப்படியிருப்பாருன்னு பார்க்கத்தான். விண்ணப்பம் பெர்த்துலேருந்து வருது, பிரிஸ்பேன்லேருந்து வருது, கடல் எந்தப் பக்கம்னே தெரியாத ஊர்லேருந்தெல்லாம் வருது. அத்தனையிலயும் ஒரே பாட்டு. 'நான் ஆர்வமும் உற்சாகமும் மிக்கவள், குழுவோடு இணைந்து...' அந்த வரியைப் பார்த்தாலே மூடிடுவேன். கடைசி வரைக்கும் படிச்சது இவரு எழுதினதை மட்டுந்தான்."

எனக்குக் கழுத்து சுட்டது. அது ஜொலீன் எங்கள் எல்லோருக்கும் கொடுத்த வரி. யார் முகத்துக்கு நேராகவும் எதையும் சொல்கிறவள் நான். தாளில் மட்டும், அவள் கொடுத்ததை அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தேன். என் பட்டம் அதற்குக் கீழே எங்கோ கிடந்தது.

அப்பா மெல்லக் கேட்டார். "அம்மா, எனக்கு வேலை குடுத்துடாதீங்க. ஆனா நான் வேண்டாம்னு சொன்ன மாதிரியும் இருக்கக்கூடாது. பணம் நின்னுடும்."

க்வெண்டாவின் சிரிப்பு நின்றது. "கூப்பிட்டா உனக்கு இவ்வளவு தொல்லைன்னு எனக்கென்ன தெரியும்? சரி, நானே வேண்டாம்னு எழுதிடறேன். நல்ல மனுஷன், நீந்தத் தெரியாது. போதுமா?"

அப்பா விட்ட மூச்சு எனக்கே கேட்டது. வந்த காரியம் முடிந்தது. திரும்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நானும் போட்டிருந்தேன்."

"நீ யாரு?"

"இவரு பொண்ணு. டாலியா. அந்த ஆர்வமும் உற்சாகமும் மிக்க கூட்டத்துல ஒருத்தி."

"அடிப்பாவி." என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "நேர்மையா எழுதியிருந்தா என்ன எழுதியிருப்ப?"

"எனக்குக் குழுவெல்லாம் பிடிக்காது. குளிர்ந்த தண்ணியில தனியா நிக்கப் பிடிக்கும். கோடையில வடக்குக் கரைச் சிப்பி கொத்துக் கொத்தா சாகுது, தெற்குக் கரையில ஒண்ணும் ஆகல. ஏன்னு சின்ன வயசுலேருந்து கேக்கறேன், இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. அதுக்காகத்தான் படிக்கவே போனேன். படிச்சும் தெரியல. உள்ள இறங்கிப் பார்த்தாத்தான் தெரியும்."

"எனக்கும்தான் தெரியல," என்றாள் க்வெண்டா. "எங்கப்பாவுக்கும் தெரியாது. ஆனா நான் தேடறது கூடை புரட்ட ஆள். ஆராய்ச்சிக்கு இல்ல."

"கூடை புரட்டறேன். புரட்டும்போது கேள்வி கேட்பேன்."

"வாய் ஓயாதோ?"

"ஓயாது," என்றார் அப்பா.

க்வெண்டா குழாயைத் திறந்தாள். "நாளைக்குத் தண்ணி வத்தும்போது வா. ரெண்டு வாரம் பாக்கறேன்."

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த சந்திப்பில் ஜொலீன், க்வெண்டா எழுதியதைத் திரையில் படித்தாள். முகம் மலர்ந்தது.

"டெரில், உங்களுக்கு வேலை கிடைக்காததுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு!"

"ஆலையை மூடினது," என்றார் அப்பா.

"நீச்சல்! தடை என்னன்னு தெரிஞ்சா அதை நீக்கணும். நகராட்சிக் குளத்துல வகுப்பு இருக்கு, சேர்த்து விடறேன்."

"எனக்கு அம்பத்தெட்டு வயசும்மா!"

"வயசெல்லாம் தடையே இல்ல."

எனக்கு எழுந்து மேசையைக் குத்த வேண்டும் போலிருந்தது. இந்த ஊரில் நீந்தத் தெரிந்தவனுக்கு மட்டும் வேலை கொட்டிக் கிடக்கிறதா? வாயைத் திறந்தேன்.

அப்பா முந்திக்கொண்டார். "எத்தனை புள்ளி?"

ஜொலீன் சொன்னாள். மாதாமாதம் அவர் போடும் வீண் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இனிப் போட வேண்டியிருக்காது. அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடினேன்.

க்வெண்டா சொன்ன இரண்டு வாரம் முடிந்துவிட்டது. அவள் போ என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வடக்குக் கரையில் கேள்விகள்தான் கூடிக்கொண்டு போகின்றன. இன்று பண்ணையிலிருந்து சேற்றுக் காலோடு நேரே குளத்துக்கு வந்தேன். அப்பா பெரிய பூப்போட்ட கால்சட்டையில், அவர் தொப்புள் உயரப் பிள்ளைகளோடு ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சிறுமி அவர் பக்கத்தில் மல்லாந்து மிதந்துபோனாள். அவர் அவளையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். புது இயந்திரத்தை ஆலையில் இறக்கும் நாட்களில் அப்படித்தான் பார்த்திருப்பார்.

"டாலி, இது எப்படிடி ஆளைத் தாங்குது?"

"விட்டுத்தான் பாரேன்."

"நீ படிச்சவதானே, சொல்லு."

"சொன்னா புரியாதுப்பா. விடு."

ஒரு கையை எடுத்தார். எடுத்த கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்றதையும் எடுத்தார்.