இறங்கக் கூடாத தொட்டி

என் வீட்டுக்காரர் நிலவழகனுக்கு ஊர்ப்பேச்சு என்றால் போதும், சோறு இறங்காது. அன்னவாசலுக்கு மேற்கே எங்கள் மாட்டுப்பண்ணை. கொட்டகை கழுவிய சாணித் தண்ணீர் மழைக்காலத்தில் நேராக ஊருணிக்குப் போய்விடும். ஊரே குடிக்கிற ஊருணி. பஞ்சாயத்தில் இவரை நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். நானாக இருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். இந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் மானியம் வாங்கி, பூமிக்குள் தொட்டி கட்டினோம். சாணி அத்தனையும் அதற்குள் போகும். கிளம்புகிற வாயுவில் என் அடுப்பு எரியும், மிச்சக் கரைசல் வயலுக்குப் பாயும். சும்மா சொல்லக்கூடாது, ஊருணித் தண்ணீர் தெளிந்துவிட்டது. கட்டிக் கொடுத்தவர் போகும்போது ஒன்றுதான் சொன்னார்.

"அடைச்சுக்கிட்டா எங்களக் கூப்பிடுங்க. மூடியத் தொறந்து யாரும் எறங்கிறாதீங்க."

ஐப்பசியில் அடைத்துக்கொண்டது. போன் போட்டால் நாளைக்கு வருகிறோம் என்றார்கள். இங்கே கரைசல் மேலே பொங்கி ஊருணிக்குப் போகிற வாய்க்கால் பக்கம் வழிகிறது, வானமோ கருகருவென்று இறங்கி நிற்கிறது. மாடுகள் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. இவர் இருப்புக்கொள்ளாமல் கிணறு தூர்வாருகிற சந்தனம் அண்ணனைக் கூட்டிவந்துவிட்டார்.

அண்ணன் இறங்காத கிணறு இந்த வட்டாரத்தில் கிடையாது. பாழுங்கிணறு என்றால் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார். அணைந்தால் காற்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதே வழக்கத்தில் இங்கேயும் மூடியைத் திறந்துவிட்டு, தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

"அடப்பாவி மனுசா!" ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "என் அடுப்புல எரியுறதே அதுதான்ணே! பண்ணையோட பறந்துருவோம்!"

அண்ணன் நாலடி பின்னால் தள்ளிப் போனார். இவருக்கும் முகம் வெளுத்துப்போனது.

"சரி, வெளக்கு வேணாம். மூடி தொறந்தே கெடக்கட்டும், காத்து போயிரும்" என்றார் இவர்.

"மூடுங்க. நாளைக்கு அவுக வந்து பாக்கட்டும்."

"மழ இன்னைக்கு வருது ஈஸ்வரி. திரும்ப அந்தச் சபையில போய் நிக்கச் சொல்றியா?"

அழுகின முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. தொட்டி கட்டினவர்களைத் திட்டியாவது வரவழைக்கலாம் என்று, சிக்னல் கிடைக்கிற ரோட்டுக்குப் போனேன். "எறங்கித் தொலைக்காதீங்க" என்றதற்கு, "சரி, போ" என்றார்.

மூடி திறந்து கிடக்கிறது என்றதும் போனில் அந்த ஆள் பதறிவிட்டார். "இப்பவே கெளம்புறோம்மா. பக்கத்துல யாரையும் நிக்க விடாதீங்க. நாத்தம் நின்னுருச்சுன்னா இன்னும் மோசம். காத்து போகல, மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஒருத்தர் விழுந்தாலும் பின்னாடியே இன்னொருத்தர விட்றாதீங்க, ரெண்டு பேரும் போயிருவாங்க."

நான் திரும்பி ஓடி வரும்போது, இவர் தொட்டி வாயில் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

"ஈஸ்வரி, நாத்தமே இல்ல! காத்து போயிருச்சு!"

"ஐயோ, வேணாங்க!"

அதற்குள், உள்ளே இறக்கியிருந்த இரும்பு ஏணியில் காலை வைத்துவிட்டார். தோள் வரைக்கும் தெரிந்தது. பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே காணவில்லை.

சந்தனம் அண்ணன் துண்டை உதறிப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். நான் அவரை இடுப்போடு கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு விழுந்தேன்.

"விடு ஆத்தா! ஒம் புருசன் உள்ள கெடக்கான்!"

"தெரியும்ண்ணே."

"கையப் புடிச்சுத் தூக்கிறலாம், விடுறியா இல்லையா!"

விடவில்லை. என் மணிக்கட்டைக் கடித்தார். அப்போதும் விடவில்லை. உள்ளே ஏணிக் கம்பியில் ஏதோ ஒரு தரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. என் புருசனைக் காப்பாற்றப் போகிறவரைச் சேற்றில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.