மாவுக்காலில் டோல்டோ

எங்கள் ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறைச் சுவரில் ஒரு கால் தொங்குகிறது. பயப்பட வேண்டாம், மாவுக்கால்தான். எலும்பு முறிந்து வருபவர்களுக்கு, கட்டுப் போட்டால் இப்படித்தான் இருக்கும் என்று காட்ட யாரோ செய்து மாட்டியது. இப்போது அதைக் காட்டினால் முறிந்த காலோடு எழுந்து ஓடிவிடுவார்கள். அவ்வளவு பெருத்துவிட்டது. காரணம் இத்தாலி கோல்கீப்பர்கள்.

இத்தாலி தேசிய அணியின் தலைசிறந்த கோல்கீப்பர்கள் யார் யார் என்ற வரிசையை அந்தக் காலில்தான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். வரிசை மாறினால் அழிப்பது கிடையாது. மேலே புதிதாக மாவு பூசி, காய்ந்ததும் எழுத வேண்டும். ஓட்டு மூன்றே மூன்று. தலைமைக் கட்டுக்காரரான என் மச்சானுக்கு எப்போதும் புஃபோன். பக்கத்து அறை எக்ஸ்ரேக்காரருக்கு ஸோஃப். நாற்பது வயதில் உலகக்கோப்பையைத் தூக்கிய மனிதர் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மூன்றாவது ஓட்டு என்னுடையது. நான் யார் பக்கம் சாய்கிறேனோ அவருடைய ஆள் முதலிடம். கைம்மாறாக அவர் டோல்டோவை ஒரு படி ஏற்ற வேண்டும். இப்படிக் கட்சி மாறி மாறியே பதினோரு வருடத்தில் டோல்டோவை ஒன்பதிலிருந்து நான்குக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஏன் டோல்டோ? இரண்டாயிரத்தில் ஐரோப்பியக் கோப்பைக்குச் சில நாள் முன்பு புஃபோன் கையை உடைத்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய டோல்டோ கோலில் நின்றார். அரையிறுதியில் மட்டும் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். நான் எங்கள் ஆஸ்பத்திரி அணியின் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் மச்சான், என்னைவிட ஒரு வயது இளையவர். பதினோரு வருடமாக பெஞ்சைத் தேய்க்கிறேன். மச்சானுக்கு இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

நாற்பத்தைந்து வயதானால் அணியில் இடமில்லை என்பது விதி. எனக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து. வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் டிப்போ அணியோடு ஆடுவதுதான் இந்த வருடத்தின் கடைசி ஆட்டம். அதற்குமுன் ஒரு தடவையாவது கோலில் நின்றுவிட வேண்டும் என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணன் கைய ஒடிச்சுக்கிட்டாத்தான் உங்களுக்கு நிம்மதியா?" என்றாள் மனைவி.

நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை மச்சான் இடது கையில் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தார்.

"படியில வழுக்கிடுச்சு மாப்ள."

"கட்டு எங்க போட்டீங்க மச்சான்?"

"வெளிய ஒரு எடத்துல."

கட்டுக்காரர்களுக்குக் கட்டின் ஓரம்தான் கையெழுத்து. உள்பஞ்சை இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே மடித்து, கட்டைவிரலால் ஒரே இழுப்பாக அழுத்தி முடிப்பது மச்சானுடைய கை. அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தும் இன்றுவரை எனக்கு வரவில்லை. அந்தக் கட்டின் ஓரம் அப்படியே இருந்தது. ஒற்றைக் கையால் சுற்றியதால் முழங்கைப் பக்கம் மட்டும் கொஞ்சம் தொளதொளப்பு. பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

யோக்கியன் என்றால் அங்கேயே கேட்டிருப்பான். நான், "ரொம்ப வலிக்குதா மச்சான்?" என்று கேட்டேன்.

"உயிர் போகுது" என்று சொல்லிவிட்டு அந்தக் கையாலேயே காதைச் சொறிந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு எக்ஸ்ரேக்காரர் வந்தார். அவர்தான் அணித் தலைவர்.

"படம் எங்க? என் மிஷினுக்கு வராம இந்த ஆஸ்பத்திரியில ஒரு எலும்பு எப்படி ஒடியும்?"

மச்சான் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வெளியவே எடுத்துட்டாரு. நான் பாத்தேன். சுத்தமா ரெண்டா நிக்குது."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மாவுக்காலைப் பார்த்தேன். இது பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். வீட்டில் மனைவியும் அண்ணன் கை ஒடிந்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என் ஜெர்சிக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

ஞாயிறன்று இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினேன். ஒன்று கால்களுக்கு நடுவே போனது. இன்னொன்றை நான் பார்க்கவே இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் டிப்போக்காரர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வலப்பக்கம் பாய்வதா இடப்பக்கம் பாய்வதா என்று நான் முடிவு செய்வதற்குள் பந்து என் முழங்காலில் பட்டு வெளியே போய்விட்டது.

கோட்டுக்கு வெளியே மச்சான் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் தட்டினார். மாவு பறக்கத் தட்டினார். பக்கத்தில் நின்ற எக்ஸ்ரேக்காரர் கட்டைப் பார்த்தார், மச்சான் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை" என்று மட்டும் சொன்னார்.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மச்சான் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். "வெட்டி விடுங்க மாப்ள. அரிப்பு தாங்கல."

நான் ரம்பத்தை எடுத்தேன். வாசலில் எக்ஸ்ரேக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப வெட்டினா நான் கேள்வி கேக்கணும். பொய் சொல்லி ஆட்டத்துலேருந்து விலகினவரை டீம்ல வச்சிருக்க முடியாது. ஆறு வாரம் கழிச்சு வெட்டினா, எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

மச்சான் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் நல்ல கோடை. மச்சான் பென்சிலை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டு, நான் போடும் ஒவ்வொரு கட்டையும் பக்கத்தில் நின்று குறை சொன்னார். நடுவில் எனக்கு நாற்பத்தைந்து முடிந்தது.

ஆறாவது வாரக் கடைசியில் வெட்டினேன். ஒடியாத கைதான். ஆனால் கட்டுக்குள் கிடந்தால் எலும்பு ஒடிந்த கையென்றும் ஒடியாத கையென்றும் சதைக்குத் தெரியாது. வெளுத்து, பாதியாக மெலிந்திருந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை. தேநீர் டம்ளரைத் தூக்கினார், நடுங்கியது. இருபது வருடமாகக் கட்டுப் பிரிக்கிறேன், இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாக ஒடிந்த கைக்கு ஆறு வாரக் கட்டு என்பதும் தெரியும். தெரிந்தும்தான் அந்தப் புதன்கிழமை பொய் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. மாவு கரைக்கப் போனேன்.

மாவோடு திரும்பி வந்து, "ஓட்டுப் போடலாம். நான் புஃபோனுக்கு" என்றேன்.

"டோல்டோவை மூணாவதா ஏத்தணுமா?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"ஒண்ணும் வேணாம்."

மச்சான் முந்திக்கொண்டார். "நான் டோல்டோவுக்குப் போடறேன்."

எக்ஸ்ரேக்காரர் ஸோஃபுக்காக வாயைத் திறந்தார். மச்சானின் கை முக்காலி மேல் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கைய ஒடிச்சுக்கிட்டவருக்கே போட்டுடறேன்" என்றார்.

மாவு பூசிக் காய்ந்ததும் எழுதினேன். ஒன்று, புஃபோன். டோல்டோ அதே நான்கில். எழுதும்போது கால் ஆடாமலிருக்க மச்சான் அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டார். கை நடுங்கியதில் எழுத்து கோணலாக வந்தது. யாரும் திருத்தச் சொல்லவில்லை.