பசை காயட்டும்

கட்டட வேலை பார்க்கிற எல்லோருக்கும் டைல்ஸ் அக்காவைத் தெரியும். பாதி வாழ்நாளை மண்டியிட்டே கழித்தவர். அவர் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்கும்.

போன வாரம் அவருடைய இதயத்தில் வேலை நடந்தது. இதயம் ஒழுங்காகத் துடிக்க, மேலறையில் ஒரே ஒரு இடத்திலிருந்து மின்சாரம் கிளம்ப வேண்டும். அக்காவுக்கோ, நுரையீரலிலிருந்து வரும் இரத்தக்குழாய்களின் வாயிலிருந்தும் கண்டபடி கிளம்பியது. ஆளாளுக்கு உத்தரவு போட்டால் எந்த வேலை நடக்கும்? மேலறைகள் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கின. மருத்துவர் தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, அந்த வாய்களைச் சுற்றிச் சூடு வைத்தார். சூடு பட்ட இடம் தழும்பாகும்; தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது. அவ்வளவுதான் சங்கதி.

நீச்சல்குள மண்டபம் ஒன்றுக்கு முழுத்தரையும் ஒட்டும் வேலை அக்காவைத் தேடி வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று இன்ஜினியர் கேட்டிருந்தார். இதயம் சரியாகியிருந்தால் எடுப்பது, இல்லையென்றால் தொழிலையே கூட வேலை செய்யும் தம்பியிடம் விட்டுவிடுவது என்று அக்கா தீர்மானித்திருந்தார். அதனால் நாடி பார்க்கும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுப்பதே இல்லை.

பதில் சொல்ல வேண்டிய நாளன்று காலை தலை வாரும்போது நெஞ்சுக்குள் மறுபடி அதே படபடப்பு. சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. 'சும்மா பார்க்கிறேன்' என்று தம்பியோடு வேலை நடக்கும் வீட்டுக்குக் கிளம்பினார்.

தம்பி முந்தின நாள் ஒட்டிய குளியலறை. பசை காயும்வரை யாரும் மிதிக்காதபடி வாசலில் கயிறு கட்டியிருந்தது. அக்கா வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ரப்பர் சுத்தியலின் கைப்பிடியால் எட்டின டைல்ஸைத் தட்டினார். காலி டப்பாவைத் தட்டினது போல் கேட்டது. அடுத்ததும் அப்படியே; அடியில் பசை பிடிக்காத டைல்ஸின் சத்தம்.

"என்னடா ஒட்டியிருக்கே? எல்லாம் பொக்கையா சத்தம் போடுது. பிரிச்சு எடு."

தம்பி சாந்துக்கரண்டியைக் கீழே வைத்தான். "அக்கா, நேத்து சாயங்காலம்தான் ஒட்டினேன்."

"அதுக்கு?"

"அதுக்கா? பசை காயாம தட்டினா நல்ல டைல்ஸும் பொக்கையாத்தான் கேக்கும்னு என் தலையில குட்டிக் குட்டிச் சொன்னது யாரு? இப்படித் தட்டின வீட்டுக்காரரைக் கயித்துக்கு அந்தப் பக்கம் துரத்தினது யாரு?"

அக்கா சுத்தியலை மடியில் வைத்தார். தம்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

"நீ போய் ஈரத்துல தட்டுறியா? சொல்லு, என்ன ஆச்சு?"

"காலையில மறுபடியும் படபடன்னுச்சு. சூடு வச்சது பலிக்கலடா."

"நர்ஸ்கிட்ட கேட்டியா?"

"கேட்டா ஆமான்னுடுவாங்களோன்னுதான் கேக்கல."

தம்பியே மருத்துவமனைக்குப் போன் போட்டு அக்காவின் காதில் வைத்தான். மயக்கம் வந்ததா, நெஞ்சு வலித்ததா, மூச்சு வாங்கியதா, தொடையில் குழாய் விட்ட இடத்தில் வீக்கமா என்று நர்ஸ் வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை.

"அப்போ பயப்படாதீங்கம்மா. சூடு வச்ச இடம் இன்னும் புண்ணாத்தான் இருக்கு. புண் ஆறுற வரைக்கும் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முதல் மூணு மாசத் துடிப்பை வச்சு நாங்களே முடிவு கட்ட மாட்டோம். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விட்டுடாதீங்க. படபடப்பு அடங்காம நீடிச்சா உடனே வாங்க."

"மூணு மாசம் கழிச்சுச் சரியாயிடுமா?"

"நிறைய பேருக்கு ஆயிருக்கு. சிலருக்கு இன்னொரு தடவை செய்வோம். அதுக்கும் இப்பவே பதில் கிடைக்காதும்மா."

அக்கா போனை வைத்தார். சுத்தியலைத் தம்பியிடம் நீட்டினார். "இதை என் கண்ணுல படாம வை."

"மணிக்கட்டையும் சேர்த்து வச்சுடவா?"

"உதை வாங்குவே."

பிறகு அவரே இன்ஜினியரைக் கூப்பிட்டார். "வேலையை எடுத்துக்கறோம் சார். கொஞ்ச நாளைக்கு மண்டி போடுறது என் தம்பி. நான் நாற்காலியில உக்காந்து திட்டுவேன். அதுக்கப்புறம் எப்படின்னு என் டாக்டர் சொல்லுவார். அதுவரைக்கும் தரையில ஒரு குறை வராது."

இன்ஜினியர் சொன்ன பதிலைக் கேட்டு அக்கா சிரித்தார். ஒரு துடிப்பு தாளம் தப்பி விழுந்தது. விரல் தானாக மணிக்கட்டை நோக்கிப் போனது. அக்கா அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, தம்பியிடம் வாசலைக் காட்டினார்.

"கயித்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு. யாராவது உள்ளே வந்துடப் போறாங்க."